ஒட்டாத தோசைக்கல்



சென்ற பள்ளி விடுமுறையில் அம்மா என் இல்லத்தில் தங்கியிருந்தார். ஒட்டாத பூச்சுடைய என் புதிய தோசைக்கல்லில் ஒருநாள் தோசை தீய்ந்து ஒட்டிக்கொண்டது. அம்மா தம் நெடுநாள் வழக்கப்படி கம்பி நாரால் அழுத்தித் தேய்த்து, கழுவிய கல்லைப் பெருமையோடு காட்டினார். பூச்சு கோடுகோடாய்ப் பெயர்ந்திருந்தது. “என்னம்மா இப்படிச் செஞ்சிட்டீங்க?” என்று மாணவரைக் கடிவதுபோல் கடிந்துவிட்டேன். அதன்பின் ஊர் திரும்பும்வரை அவர் சமையலறைப் பக்கமே வரவில்லை.

வெந்நீரில் சமையல் சோடா கலந்து அரைமணி நேரம் ஊறவிட்டு, மென்பஞ்சால் துடைத்தாலே போதும். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்பூச்சு ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும் என்பதால், வெறுங்கல்லை அடுப்பில் காயவிடுவதும் கூடாது.

இம்முறை இரும்புக் கல்லே வாங்கினேன். எண்ணெய் தடவிப் பழக்கித் தருமாறு அம்மாவை அழைத்தேன். வருகிறேன் என்றார், எப்போது என்று சொல்லவில்லை.