ஆசிரியர் உதவியாளர்: ஒரு பதவிப் பெயரின் பூர்வீகம்

இலங்கையின் அரச பாடசாலைகளில் வகுப்பெடுக்கும் ஒருவரை 'உதவி ஆசிரியர்' என்று குறிப்பிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதிபருக்குக் கீழே நின்று கற்பிப்பவர் என்பதே அதன் பொருள், சேவையும் சம்பளமும் ஓய்வூதியமும் அந்தப் பெயரோடு சேர்ந்தே வருபவை. அந்த இரண்டு சொற்களையும் முன்பின்னாக மாற்றிப் போட்டால் கிடைப்பது 'ஆசிரியர் உதவியாளர்' என்ற பெயராகும். 2014ஆம் ஆண்டு பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென வெளியான வர்த்தமானி அறிவித்தல், மலையகத்தின் உயர்தரம் சித்தியடைந்த இளைஞர் யுவதிகளிடமிருந்து 3,179 வெற்றிடங்களுக்கு விண்ணப்பம் கோரியது இந்த இரண்டாவது பெயரில்தான். இலங்கை ஆசிரியர் சேவைக்கு வெளியே நின்ற பதவி அது; பயிற்சியை முடித்த பின்னரே நியமனம் பெற்றவர் சேவைக்குள் உள்வாங்கப்படுவார். அதுவரை அவருக்குக் கிடைத்தது மாதம் 6,000 ரூபா. அதையும் சம்பளம் என்று சொல்லவில்லை, கொடுப்பனவு என்றே ஏட்டில் எழுதப்பட்டது. சம்பளம் என்பது ஒரு அளவுத்திட்டத்தில் ஏறிச் செல்வது, ஆண்டுதோறும் கூடுவது, ஓய்வூதியத்தைக் கணக்கிட அடிப்படையாவது. கொடுப்பனவுக்கு இவற்றில் எதுவும் கிடையாது.

அந்த 6,000 ரூபாவின் எடையைத் தோட்டத்துக் கணக்கிலே நிறுத்துப் பார்க்கலாம். ஒரு நாள் வேலை முழுமையாகப் பதியப்படுவதைத் தோட்டத்தில் 'பேர்' என்பார்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு 'அரைப்பேர்' விழும். 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்கூலி 450 ரூபா, வரவுக்கான கொடுப்பனவு 140 ரூபா, விலைக்கேற்ற கொடுப்பனவு 30 ரூபா, ஆக ஒரு முழுப் பேருக்கு 620 ரூபா. இந்தத் தொகை போதாதென்று தொழிலாளர்கள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 2015இல் நியமனம் பெற்று வகுப்பறைக்குள் நுழைந்த ஆசிரியர் உதவியாளரின் மாத வருமானம் அவருடைய தாயின் பத்து நாள் பேருக்குக்கூடச் சமமாகவில்லை. படித்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ் காசைக் கொழுந்துக் கூடை சுமந்தவரே கொடுக்க நேர்ந்தது. பல ஆர்ப்பாட்டங்களுக்குப் பிறகு 2016இல் கொடுப்பனவு 10,000 ரூபாவாக உயர்ந்தது. இப்படி ஒரு தொகையை ஆசிரியத் தொழிலுக்கு விதிக்கலாம் என்ற எண்ணம் எந்தக் காலத்தில், எந்த ஏட்டிலிருந்து வந்தது என்பதே இத்தேடலின் கேள்வி.

முதலில் நினைவுக்கு வருவது நாடளாவிய ஆசிரியர் சம்பளப் பிணக்கு. 1997ஆம் ஆண்டு அரசாங்க சேவைச் சம்பளங்கள் பி.சி. பெரேரா ஆணைக்குழுவின் வழியே மறுசீரமைக்கப்பட்டபோது, ஆசிரியர்களும் அதிபர்களும் தம்மோடு ஒத்த நிலையில் இருந்த ஏனைய சேவையினரைவிடப் பின்தங்கினர். தொழிற்சங்க மொழியில் 'சம்பள முரண்பாடு' எனப்படுவது இதுவே. இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தீராத இந்த முரண்பாட்டை முன்வைத்து 2021 ஜூலை 12ஆம் திகதி ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். போராட்டம் நூறு நாள் அளவுக்கு நீண்டது. இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அம்மாதமே வேறோர் ஆர்ப்பாட்டத்தில் கைதாகி முல்லைத்தீவின் கொவிட் தனிமைப்படுத்தல் முகாமுக்கு அனுப்பப்பட்டதும் அந்தப் போராட்டத்தைச் சூடாக்கியது. முடிவில் 2022 ஜனவரி முதல் முரண்பாட்டின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தீர்க்கப்பட்டது. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூனில் கொழும்பில் திரண்டவர்கள்மீது கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் வீசப்பட்டன. இந்தப் பிணக்கு நியாயமானது, ஆனால் 6,000 ரூபாவை இது விளக்காது. சேவைக்குள் இருக்கும் ஒருவரின் அளவுத்திட்டம் இன்னொருவருடையதோடு முரண்பட முடியும். 2015இல் உள்ளே நுழைந்த உதவியாளருக்கோ முரண்படுவதற்குக்கூட ஓர் அளவுத்திட்டம் இருக்கவில்லை.

ஆகவே தேடல் இன்னும் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. இலங்கை ஆசிரியர் சேவை 1994 அக்டோபர் 6ஆம் திகதி உருவானது. உலகம் அக்டோபர் 5ஐ ஆசிரியர் தினமாகக் கொண்டாட, இலங்கை அக்டோபர் 6ஐக் கொண்டாடுவதற்குக் காரணம் அதுவே. அச்சேவை தோன்றியபோது தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்து இருபது ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. அவற்றுக்குள் இருந்த பள்ளிக்கூடங்களைக் கல்வித் திணைக்களம் பொறுப்பேற்பது 1977 முதல் படிப்படியாக நடந்தது, பல பாடசாலைகள் எண்பதுகளிலும் காத்திருந்தன. 1986 முதல் சுவீடன் நாட்டு உதவி பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களைத் தந்தது. ஜெர்மனியின் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இன்று மலையகத்தில் நிமிர்ந்து நிற்கும் பள்ளிக்கூடக் கட்டடங்கள் பலவற்றின் பின்னால் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 2 வீதத்தையே கல்விக்கு ஒதுக்கிவந்த ஒரு நாட்டில், 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் 6 வீதம் கேட்டு நூறு நாள் அளவுக்கு வேலைநிறுத்தம் செய்த ஒரு நாட்டில், கடைசியாகச் சேர்ந்தவரின் தட்டில் விழும் பங்கு எவ்வளவாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆனால் ஏன் 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது? 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் 'உதவி நன்கொடைப் பாடசாலைகள்' எனப்பட்டவற்றை, அதாவது மிஷன்களும் சபைகளும் நடத்த அரசு பணம் கொடுத்த பாடசாலைகளை, அரசுடைமையாக்கின. நாட்டின் கல்வி வரலாற்றில் மிகப் பெரிய அந்தக் கைமாற்றத்தில் தோட்டப் பாடசாலைகள் சேர்க்கப்படவில்லை. அதற்கும் முன்னே 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது அது நாட்டின் பிள்ளைகள் அனைவருக்கும் வந்ததாகவே பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் 1947இன் கல்வித் திருத்தச் சட்டம் தோட்டங்களில் அந்தப் பொறுப்பை உரிமையாளர்களிடமே விட்டு, அவர்கள் பாடசாலைக்குக் கட்டடமும் காணியும் ஒதுக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவரின் பிள்ளைக்குக் கட்டடம் கேட்டு எந்த உறுப்பினரும் நாடாளுமன்றத்தில் தொண்டை வறளப் பேசப்போவதில்லை.

ஊற்றுக்கண் அதற்கும் பின்னால், 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைச் சட்டத்தில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதைச் சட்டபூர்வமான கடமையாக்கிய முதல் ஏடு அதுவே. அதற்கு முன் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற சபைகள் நடத்திய சில பள்ளிகளும், லயத்தின், அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பின், ஓர் அறையில் கங்காணியின் தயவில் நடந்த 'லயப் பள்ளிக்கூடங்களும்' மட்டுமே இருந்தன. 1907இன் சட்டம் கடமையைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது: ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தர வேண்டும், அதற்குப் பொருத்தமான ஓர் அறையை ஒதுக்கிப் பேண வேண்டும். 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விச் சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தது. இவ்வாறு ஊர்ப்பிள்ளையின் கல்வி கல்வித் திணைக்களத்தின் காரியமாகவும், தோட்டப்பிள்ளையின் கல்வி லயம், தண்ணீர், மருந்து ஆகியவற்றோடு சேர்ந்து தோட்ட நிர்வாகத்தின் செலவாகவும் பிரிந்தன. ஆசிரியரை அமர்த்துவதும் அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதும் துரையின் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்கின. தகுதிபெற்ற பாடசாலைக்கு அரசு நன்கொடை உண்டு. அந்த நன்கொடை பிள்ளைகளின் வரவைப் பொறுத்தது.

அந்த ஏற்பாட்டில் நடந்த ஓராசிரியர் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குள் நின்று பார்த்தால் இரண்டு புத்தகங்கள் கண்ணில் படும். ஒன்று ஆசிரியரின் மேசைமீது இருந்த வரவு இடாப்பு, மற்றது தோட்டத்துக் கந்தோரில் இருந்த செக்ரோல், அதாவது பேர் பதியும் புத்தகம். தகர ஓட்டின் கீழே ஒரே மண்டபம், நடுவில் சுவர் கிடையாது. முதலாம் வகுப்பு அரிச்சுவடியை உரக்கச் சொல்ல, நாலாம் வகுப்பு அதே இரைச்சலுக்குள் கணக்குப் போட, ஒரு கரும்பலகையின் இரண்டு பக்கங்களும் ஐந்து வகுப்புகளுக்கும் பங்கிடப்படும். கொழுந்து மிகுந்த மாதங்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவென்று மூத்த பிள்ளை வீட்டோடு நின்றுவிட, இடாப்பில் கோடுகள் குறையும், அதோடு நன்கொடையும் குறையும். பத்து வயதானதும் பிள்ளையின் பெயர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டுச் செக்ரோலில் ஏறும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929 முதல் தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம் என்று விதிக்கப்பட்டது. ஒரு சட்டம் பத்து வயதோடு பள்ளிக்கூடத்தை மூட, மற்றொரு சட்டம் அந்த வயதிலிருந்து கூலியை நிர்ணயித்தது. வேலைக்குப் போகும் முன், பத்து வயது வரை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவராகவே ஆசிரியர் எண்ணப்பட்டார். அந்த எண்ணத்துக்கு ஏற்ற தொகையே அவருக்குக் கொடுக்கப்பட்டது. கொடுப்பனவு என்ற சொல்லின் பூர்வீகம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தையைப் போன்ற இடங்களில் அந்தப் பூர்வீகம் இன்னும் கனமாக அழுத்துகிறது. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் வீதியில் அமைந்த இந்தச் சிறு நகரத்தைச் சுற்றி எந்தானை, ஹூப், ஓப்பாத்தை, வெலந்துரை முதலிய தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகள் போலச் சிதறிக் கிடக்கின்றன. தேயிலையோடு இறப்பரும் உண்டு, கொழுந்து எடுப்பவரும் பால் வெட்டுபவரும் அடுத்தடுத்த லயங்களில் வாழ்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தைப்போல் தமிழர் நெருங்கி வாழும் பெருந்திரள் இங்கு இல்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைத் தாக்கியபோது பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் பெயர்ந்து போயின. 1981 ஆகஸ்டு மாதத்துத் தீ இவ்வட்டாரத்தை நேரடியாகவே தொட்டது. பிள்ளைகள் குறைந்தால் பாடசாலை சிறுக்கும். பாடசாலை சிறுத்தால் ஆசிரியர் ஒதுக்கீடு குறையும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆளில்லாமல் போனால் மூத்த பிள்ளைகள் வேறு ஊருக்கோ சிங்கள மொழிமூலத்துக்கோ மாறுவார்கள், பாடசாலை மேலும் சிறுக்கும். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் பெரும்பாலான பாடசாலைகளை மாகாண சபைகளிடம் ஒப்படைத்த பின்னர், சப்ரகமுவ மாகாணத்தில் சிறுபான்மையினராக இருக்கும் தமிழரின் சிறிய பாடசாலைகள் மாகாண வரவுசெலவின் ஓரத்தில் நிற்கின்றன. பாடசாலையின் அளவைக் கொண்டு மட்டும் வளத்தைப் பங்கிடும் முறை சிறியதை மேலும் சிறியதாக்கும் என்பதற்கு இந்தத் தோட்டங்களைவிட நெருக்கமான சான்று தேவையில்லை.

உதவியாளர் திட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட்டுப் போவது முறையாகாது. பட்டமோ டிப்ளோமாவோ கேட்டிருந்தால் தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு அந்த நியமனம் கிடைத்திராது. தகுதியைத் தளர்த்தியதால்தான் ஆயிரக்கணக்கானோர் லயத்திலிருந்து வகுப்பறைக்கு ஏறினார்கள், வெளி மாவட்டத்திலிருந்து வந்து இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடும் ஆசிரியருக்குப் பதிலாகத் தோட்டத்தையே ஊராகக் கொண்டவர் நின்று கற்பித்தார். இவ்வளவும் உண்மை. ஆயினும் தகுதியைத் தளர்த்துவதற்கும் கூலியைத் தளர்த்துவதற்கும் இடையில் எந்தத் தர்க்கத் தொடர்பும் இல்லை. பயிற்சி பெறாதவர் முதல் நாளிலிருந்தே முழு வகுப்பையும் முழுநேரமும் எடுத்தார். உதவி செய்வதற்கு அவருக்கு மேலே ஒரு ஆசிரியர் அந்த வகுப்பில் இருக்கவில்லை, இருந்திருந்தால் வெற்றிடமே இருந்திராது. அவருக்குப் பட்டம் இல்லாமற் போனதற்குக் காரணமும் பத்து வயதோடு கல்வியை நிறுத்திய பழைய ஏற்பாடே. அரசு தானே தாமதித்து உண்டாக்கிய குறையை, அந்தக் குறையோடு வளர்ந்தவரின் மாதக் கொடுப்பனவிலிருந்து கழித்தது.

2015இல் நியமனம் பெற்றவர்கள் ஆசிரியர் கலாசாலைகளில் பயிற்சியை முடித்துக் கட்டங்கட்டமாகச் சேவைக்குள் உள்வாங்கப்பட்டார்கள். வெளியே நின்று கற்பித்த அந்த ஆண்டுகளில் அவர்கள் பெற்றிருக்க வேண்டிய சம்பளம் திரும்பி வரப்போவதில்லை. தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்கள் இனியும் வரும், அவற்றுக்கு வர்த்தமானியும் வரும். அந்த அறிவித்தல் ஆசிரியர் சேவையின் பிரமாணக் குறிப்பின் கீழேயே, பயிற்சிக் காலத்துக்கும் சேவையின் ஆரம்பச் சம்பளத்தோடு, 'உதவி ஆசிரியர்' என்ற பெயரிலேயே வெளிவர வேண்டும் என்று கஹவத்தையின் பெற்றோரும், மலையகப் பிரதிநிதிகளும், சம்பள முரண்பாட்டுக்காக வீதியில் இறங்கிய எல்லா மொழி ஆசிரியர் சங்கங்களும் ஒரே குரலில் கேட்க வேண்டும். வர்த்தமானி அச்சேறிய பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்பது நல்லது.