எழுவாய் இல்லாத கடிதம்

சென்ற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஒரு வீட்டுத் தரகர். பின்னால் கணவன், மனைவி, கைக்குழந்தை.

"மார்ச்சில நீங்க வீடு விடுறீங்களாம். பார்த்துட்டுப் போக வந்தோம்" என்றார்.

உம்மா திகைத்துப் போனார். வாப்பா ஒபரேஷன் முடிந்து உள்ளே படுத்திருந்தார். நாங்கள் யாரும் வீடு விடுவதாக யாருக்கும் சொல்லவில்லை. சொன்னது நான்தான் என்பது அன்றிரவு மின்னஞ்சலைத் திறந்தபோதுதான் விளங்கியது.

கொட்டாஞ்சேனையிலிருந்து நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்து மூன்று வருடமாகிறது. வீட்டுக்காரர் ஒரு தமிழ்ப் பெரியவர். அவர் காலமான பின், கனடாவில் பிறந்த மகன்தான் வீட்டைப் பார்க்கிறார். தமிழ் பேசினால் அவருக்கு விளங்கும், வாசிக்கத் தெரியாது. கூடிய வாடகை தரமுடியாவிட்டால் மார்ச்சில் வீட்டைத் தரும்படி அவர் எழுதியிருந்தார். பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்கிறது. இரண்டு தமிழ் பேசும் வீடுகளை இணைக்கவும் அதுதான் தேவைப்பட்டது!

என் மனதில் இருந்தது இதுதான்: "மார்ச்சில் வீட்டை விட்டுப் போவது மிகவும் கஷ்டம், ஏனென்றால் வாப்பாவுக்கு ஒபரேஷன்." நீள வசனம் எழுதினால் பிழை வரும், சின்னச் சின்னதாக எழுது என்று தோழிகள் சொல்வார்கள். அப்படியே வெட்டினேன். "லீவிங் ஹவுஸ் இன் மார்ச். வெரி டிஃபிகல்ட். பிகாஸ் ஃபாதர் ஒபரேஷன்." அவர் அதை, மார்ச்சில் போகிறோம், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று வாசித்திருக்கிறார். அறிவித்ததற்கு நன்றி சொல்லி, வாப்பாவின் சுகத்தையும் விசாரித்து எழுதியிருந்தார். நல்ல மனிதர். பிழை அவரிடம் இல்லை.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை எங்கள் ஆங்கில டீச்சரிடம் காட்டினேன். பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது என்பதால் அந்தப் பாடவேளையில் நாங்கள் வேறு பாடக் கொப்பிதான் எழுதுவோம். அன்று நான் எழுதவில்லை. டீச்சர் என் மூன்று வசனங்களுக்கும் கீழே கோடிட்டு, "இதில் ஒன்றுகூட வசனமில்லை மகள். யார் போவது? எது கஷ்டம்? ஒபரேஷனால் என்ன?" என்று கேட்டார்.

தமிழில் "போகிறோம்" என்ற ஒரு சொல்லே போதும். முடிவில் இருக்கும் "ஓம்" நாங்கள் என்று சொல்லிவிடும். தோன்றா எழுவாய் என்று படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் "லீவிங்" என்ற சொல்லுக்குள் யாருமில்லை. "வீ ஆர்" என்று முன்னால் ஆளையும் துணைவினையையும் வைத்தால்தான் அது நிற்கும். "பிகாஸ்" என்று தொடங்குவது இன்னொரு வசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். நாமோ முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, "ஏனென்றால்" என்று தாராளமாகத் தொடங்குகிறோம்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் "இஸ்"தான். "இது எங்கள் வீடு." இதில் வினையே இல்லை, பெயர்ப் பயனிலை. சிங்களத்தில் "மே அபே கெதர" என்றாலும் இல்லை. மத்ரஸாவில் முப்ததா, கபர் என்று படித்த "ஹாதா பைத்" என்பதிலும் இல்லை. நான் அறிந்த மூன்று மொழிகளும் ஒரு பக்கம், ஆங்கிலம் மட்டும் தனியாக மறுபக்கம்! இத்தனை வருடம் "இஸ்"ஸை விட்டதற்கு மண்டையில் குட்டு வாங்கியிருக்கிறேன். அது ஏன் விடுபடுகிறது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

"மழை பெய்கிறது" என்பதற்கு "இட் இஸ் ரெய்னிங்" என்று எழுதினார் டீச்சர். அந்த "இட்" யார் என்று கேட்டேன். "யாருமில்லை. ஆங்கிலத்தில் எழுவாயின் கதிரை காலியாக இருக்கக்கூடாது. ஆளில்லாவிட்டால் இட்டைப் பிடித்து இருத்துவார்கள்" என்றார். வகுப்பே சிரித்தது.

அன்றிரவு இரண்டாவது கடிதம் எழுதினேன். ஒவ்வொரு வசனத்திலும் ஆளைத் தேடி, வினையைத் தேடிக் கோடிட்டேன். ஏழு வசனத்துக்கு இரண்டு மணித்தியாலம். முதல் வசனம், "வீ டூ நாட் வாண்ட் டு லீவ் த ஹவுஸ்." மூன்று நாள் பதில் வரவில்லை. உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் துஆ கேட்டார். நான்காம் நாள் வந்தது: வருட முடிவுவரை பழைய வாடகை, அதன் பிறகு அவர் கேட்ட கூடுதலில் பாதி.

நன்றிக் கடிதத்தை அனுப்புமுன் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இட் வாஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவர்தானே உதவி செஞ்சார். இடையில இந்த இட் யாரு மகள்?"