ஆறு கெஜத் தொட்டி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த மகானுபாவர், வீட்டை இடித்துப் பார் என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். கட்டுகிற வீட்டில் ஒவ்வொரு செங்கல்லும் எங்கே போய் உட்காரப் போகிறது என்று நமக்குத் தெரியும். இடிக்கிற வீட்டில் அது தெரிவதில்லை. தெரிந்துகொள்ள நாம் விரும்புவதும் இல்லை. இந்த ஞானம் எனக்கு உள்ளூரில் உதிக்கவில்லை. லண்டனில், என் பெண் வீட்டு வாசலில், ஓர் இரும்புத் தொட்டியின் முன்னால் நின்றபோதுதான் உதித்தது.

லண்டன் மாநகரின் வடமேற்கில் ஹாரோ என்று ஒரு பகுதி. 1930-களில் வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள் அங்கே நிறைய உண்டு. இரண்டிரண்டாகத் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட ஜோடி ஒன்றில் பாதியை என் பெண்ணும் மாப்பிள்ளையும் கடன் போட்டு வாங்கியிருக்கிறார்கள். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர். அதை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்குவதென்று தீர்மானம். நானும் என் மனைவியும் சென்ற கோடையில் அங்கே போய் இறங்கியது, சரியாக அந்தச் சமயத்தில்.

"அப்பா, முதல்லே ஸ்கிப்புக்குச் சொல்லணும்" என்றாள் பெண்.

ஸ்கிப் என்றால் எனக்குத் தெரிந்தது பெண் குழந்தைகள் கயிறு தாண்டுவது. அது வேறாம். இது மேலே அகன்று கீழே குறுகி, கிட்டத்தட்ட ஓடம் போல இருக்கும் இரும்புத் தொட்டி. லாரி ஒன்று முதுகில் சுமந்துகொண்டு வரும். பின்புறம் இரண்டு இரும்புக் கைகளை நீட்டி, சங்கிலியில் கட்டி, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்கி வைத்துவிட்டுப் போய்விடும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ நாம் சாவகாசமாக நிரப்பலாம். நிரம்பியதும் சொல்லி அனுப்பினால் வந்து தூக்கிக்கொண்டு போகும்.

எந்த அளவுத் தொட்டி என்பதில் முதல் சர்ச்சை பிறந்தது. கன கெஜக் கணக்கில் 2, 4, 6, 8 என்று போகிறது. 10, 12 கூட உண்டு. ஆனால் அவை கட்டில் பீரோ மாதிரி இடத்தை அடைக்கும் லேசான சாமான்களுக்குத்தான். செங்கல்லும் மண்ணுமானால் 8 கெஜத்துக்கு மேல் தரமாட்டார்கள். லாரியால் தூக்க முடியாது. மாப்பிள்ளை 4 போதும் என்றார். பெண் 8 வேண்டும் என்றாள். நான் இரண்டுக்கும் நடுவில் 6 என்று தீர்ப்புச் சொன்னேன். மாமனார்களின் தீர்ப்பு எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் அதற்குப் பிறகு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கும் போட்டேன். பத்தடி நீளம், எட்டடி உயரம், நாலரை அங்குல கனம். சுவர் 30 கன அடி. ஆனால் இடித்த சுவர் நின்ற சுவரை விடப் பெரியது. சந்து பொந்தெல்லாம் காற்று நிரம்பி, ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். ஆக 45. தரை ஓடுகள், அலமாரிகள், மேடை, பழைய தொட்டி முற்றம் எல்லாம் சேர்த்தால் நூறைத் தாண்டுகிறது. 6 கன கெஜம் என்பது 162 கன அடி. நம் ஊர் மணல் லாரிக் கணக்கில் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். "பார்த்தாயா, என் தீர்ப்பு சரிதான்" என்றேன். மாப்பிள்ளை மரியாதைக்காக ஆச்சரியப்பட்டார்.

விலை கேட்டதும் ஆச்சரியம் எனக்கு மாறியது. மூன்று கம்பெனிகளைக் கேட்டார்கள். மூன்றிலும் 300 பவுனுக்குக் குறையவில்லை. குப்பையைக் கொடுக்க நாம் பணம் கொடுப்பதா! காரணம் பிறகு தெரிந்தது. அந்த நாட்டில் குப்பையை நிலத்தில் புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் வரி உண்டு. 1996-ல் ஆரம்பித்தபோது 7 பவுன். 2025 ஏப்ரலில் 126 பவுனைத் தாண்டிவிட்டது. செங்கல், மண் போன்றவை தனியாக இருந்தால் மிகக் குறைந்த வரி. எல்லாவற்றையும் கலந்து கட்டினால் முழு வரி.

அன்று மாலை கதவு இடுக்கில் யாரோ ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். எந்தக் குப்பையானாலும் எடுக்கிறோம், இன்றே வருகிறோம் என்று போட்டு, கீழே ஒரு போன் நம்பர். மாப்பிள்ளை பேசிப் பார்த்தார். வேன் கொண்டு வருவானாம், 150 பவுன், ரொக்கம்.

"இதல்லவா காரியம்! கம்பெனிக்காரனுக்கு எதற்கு இரட்டிப்பாக அழ வேண்டும்?" என்றேன் நான்.

பெண் ஒன்றும் பேசாமல் அங்கே அரசாங்கச் சுற்றுச்சூழல் ஏஜென்ஸி வைத்திருக்கும் பதிவேட்டைக் கணினியில் திறந்தாள். குப்பை சுமக்கிறவர்கள் எல்லாரும் அதில் பெயர் பதிந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேன்காரன் பெயர் அதில் இல்லை.

"இல்லாவிட்டால் என்னம்மா? அவன் பாடு அது."

"அவன் பாடு இல்லேப்பா, நம்ம பாடு. அவன் எங்கேயாவது வயல் ஓரத்திலே கொட்டிட்டுப் போனா, நம்ம வீட்டுக் குப்பைன்னு கண்டுபிடிச்சு நமக்கு 600 பவுன் வரைக்கும் அபராதம் போடலாம். யார்கிட்டே கொடுக்கறோம்னு பார்த்துக் கொடுக்கறது வீட்டுக்காரங்க கடமைன்னு சட்டம்."

"நம் வீட்டுக் குப்பை என்று எப்படித் தெரியுமாம்? செங்கல்லில் பேர் எழுதியிருக்கிறதா?"

வாய் சொல்லிவிட்டது. சொன்ன மாத்திரத்தில் நெஞ்சில் ஏதோ இடறியது. செங்கல்லில் பேர் எழுதியிருக்கும், நானே பார்த்திருக்கிறேன்.

அதைச் சொல்லியாக வேண்டும். 2014-ல் சென்னையில் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டினோம். இடிபாட்டுக்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் பெயர் ரப்பீஸ். வாசலில் அது குவிந்து, தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர் முகம் கோணும் அளவுக்கு வளர்ந்தது. மேஸ்திரி ஒரு லாரிக்காரனை அழைத்து வந்தார். விடியற்காலை நாலு மணிக்கு வந்தான். ஆறு மணிக்கு வாசல் துடைத்த மாதிரி இருந்தது. நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். எங்கே கொண்டு போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது, கேட்டால் விலை ஏறும் என்றும் தோன்றியது.

பத்து நாள் கழித்துத் தென்சென்னையில் ஓர் ஏரிக்கரைப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிபோன நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனேன். காலாற நடந்து வரலாம் என்று கரையில் கூட்டிக்கொண்டு போனார். "பாருங்கள் சார், ராவோடு ராவாகக் கொண்டுவந்து கொட்டுகிறான்கள். ஏரி பாதியாகிவிட்டது" என்றார். தண்ணீர் ஓரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. அதில் ஒரு பிஸ்தாப் பச்சைக் காரைத் துண்டு. முறம் அளவு இருக்கும். அதன்மேல் பென்சிலால் கோடு கோடாக எழுத்து. குனிந்து பார்த்தேன். பால் கணக்கு! அரை லிட்டர், ஒரு லிட்டர், வெள்ளிக்கிழமை வரவில்லை... என் மனைவியின் கையெழுத்து. முப்பது வருஷமாக அடுப்பு மேடைக்கு மேலே அவள் சுவரில்தான் பால் கணக்கு எழுதுவாள். அது என் வீட்டுச் சுவர்.

"அக்கிரமம் சார்" என்றார் நண்பர்.

"அக்கிரமம்தான்" என்றேன் நான். காலால் அந்தத் துண்டை மெல்லப் புரட்டிப் போட்டுவிட்டு நடந்தேன்.

மறு வருஷம், 2015 டிசம்பர் மழையில் அந்த நண்பர் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். புத்தகங்கள் போயின; மகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த பட்டுப் புடவைகள் போயின. என் ஒரு லாரி ரப்பீஸினாலா ஏரி பொங்கியது? இல்லை. சென்னை வெள்ளத்துக்கு எத்தனையோ பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் என் சுவர் நின்றது. அதுவும் நிஜம். நண்பருக்கு ஆறுதல் சொல்லப் போனேன். போர்வையும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதை மட்டும் சொல்லவில்லை.

ஹாரோவில் அந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் இத்தனை வருஷம் கழித்து முதல் தடவையாகச் சொன்னேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பெண் சீட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அந்தக் கனத்த அமைதியைக் கலைத்தது என் மனைவி.

"அந்தச் சுவரா? அந்த மாசம் ஏழு நாள் பால் வரலேன்னு எழுதி வெச்சிருந்தேன். பால்காரன் கடைசிவரைக்கும் ஒத்துக்கலே. நீங்க அன்னிக்கே அதை எடுத்துண்டு வந்திருந்தா காட்டியிருப்பேனே!"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

ஆறு கெஜத் தொட்டிக்கே சொல்லியனுப்பினோம். கம்பெனியின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பெண் பார்த்தாள். தொட்டியை எங்கே வைப்பது என்பது அடுத்த விஷயம். தெருவில் வைத்தால் உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். ராத்திரியில் விளக்கு எரிய வேண்டும். சொந்த வாசலில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே மாப்பிள்ளை காரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, வாசல் தளக்கல் உடையாமல் இருக்கக் கனத்த பலகைகளைப் பரப்பினார்.

எவை எவை போடக்கூடாது என்று ஒரு பட்டியல் வந்தது. சம்பந்தி வீட்டுச் சீர் வரிசைப் பட்டியல்கூட அவ்வளவு நீளம் இராது. ஐஸ் பெட்டி கூடாது, டெலிவிஷன் கூடாது, டயர், பெயின்ட், பாட்டரி, காஸ் சிலிண்டர் கூடாது. பழைய சோபாவுக்கு 2023 முதல் புதுச் சட்டம். அதன் மெத்தையில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த ரசாயனம் இருக்கக்கூடுமாம். புதைக்கக்கூடாது, எரிக்கத்தான் வேண்டும். ஜிப்சம் பலகை தனியாக வைக்க வேண்டும். அழுகும் குப்பையோடு மண்ணுக்குள் போனால் அழுகிய முட்டை நாற்றத்தில் விஷவாயு கிளம்பும். எல்லாவற்றுக்கும் மேல் ஆஸ்பெஸ்டாஸ். அங்கே 1999-ல்தான் அதை முழுக்கத் தடை செய்தார்கள். அதற்கு முன் கட்டிய வீடென்றால் சந்தேகத்துக்கு இடம் உண்டு. கூரைப் பூச்சில் ஒரு சிட்டிகை சுரண்டிச் சோதனைக்கு அனுப்பி, இல்லை என்று பதில் வந்த பிறகுதான் மேலே கை வைத்தார்கள்.

ஐந்து நாள் நிரப்பினோம். பலகைகளும் அலமாரிக் கதவுகளும் அடியில் படுக்கையாக, அவற்றின் மேல் கல்லும் காரையும். தாறுமாறாகப் போட்டால் பாதித் தொட்டி காற்றுக்கே போய்விடும். விளிம்புக்கு மேல் ஓர் அங்குலம் எழும்பினாலும் லாரிக்காரர் தொடமாட்டார். நாலாம் நாள் காலையில் பார்த்தால், எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு டயர் உள்ளே உட்கார்ந்திருந்தது. ராத்திரியில் யாரோ புண்ணியவான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெண்ணுக்குக் கோபம். எனக்கு வரவில்லை. நண்பர் ஏரிக்கரையில் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் சரியாக விளங்கியது.

லாரி வந்தது. வலை போட்டு மூடி, சங்கிலி மாட்டி, அத்தனை கனத்தையும் அநாயாசமாகத் தூக்கியது. டிரைவரிடம் போய், "இது எங்கே போகிறது?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, விலையையும் ஏற்றவில்லை. பிரித்தெடுக்கும் முற்றத்தின் பெயரைச் சொன்னார். கல்லை உடைத்துச் சாலைக்கு அடியில் போடுவார்கள், மரம் தனி, இரும்பு தனி என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அரை நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

சென்னைக்குத் திரும்பி வந்தால் எங்கள் குளியலறைத் தரை ஒழுகுகிறது. உடைத்துப் போட வேண்டும். இப்போது நம் ஊரிலும் காலம் மாறியிருக்கிறது. கட்டடக் கழிவுக்கென்றே மத்திய அரசு 2016-ல் விதிகள் செய்தது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மணலும் ஜல்லியுமாக்கும் நிலையங்கள் வந்திருக்கின்றன. தெரியாது என்று சொல்லித் தப்ப எனக்கு வழி இல்லை.

"ரப்பீஸுக்கு நம்ம ஆள் இருக்கான் சார், விடியக்காலையிலே சத்தமில்லாம எடுத்துடுவான்" என்றார் மேஸ்திரி.

"எங்கே கொட்டுவான்?"

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெருங்குடிக்கே கொண்டுபோகச் சொன்னேன். கூட ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன். பகலில் எடுக்க வேண்டும், லாரியில் நானும் கூட வருவேன் என்றேன்.

"என்ன சார், எங்க மேலே நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேலே இருக்கு மேஸ்திரி. என் மேலேதான் இல்லை."