ஐப்பசி மழையில் சாக்கோட்டை

காரைக்குடியிலிருந்து புதுவயல் நோக்கிச் செல்லும் சாலையில் சாக்கோட்டை இருக்கின்றது. வீரசேகரர் கோயிலால் பக்தர்கள் அறிந்த ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் பெயரால் அரசு அலுவலகங்கள் அறிந்த ஊர். மாசி, பங்குனியில் இவ்வழியே வருவோர் செம்மண் புழுதியையும் சீமைக்கருவேலையுமே காண்பர். ஐப்பசியில் வருவோர்க்கோ காட்சி வேறு. கண்மாய்களில் நீர் ஏறத் தொடங்கியிருக்கும். வரப்புகளில் பசுமை தலை காட்டும். வானம் பார்த்த பூமியாதலால், இவ்வட்டாரத்தின் ஆண்டுச் சோறு வடகிழக்குப் பருவமழையை நம்பியே உள்ளது. காய்ச்சலும் அதே மழையோடுதான் வருகின்றது.

செட்டிநாட்டு வீடுகளின் அழகே நடுமுற்றந்தான். கூரையில் விழும் மழையெல்லாம் முற்றத்தில் இறங்கும். அதை அண்டாவிலும் தொட்டியிலும் பிடித்துச் சேமிப்பது தண்ணீர் அருமை அறிந்த முன்னோர் வகுத்த முறை. அம்முறையைக் குறை கூறலாகாது. ஆயினும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையை விட்டுவிட்டு இத்தகைய தெளிந்த நீரையே தேடி வருகின்றது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே போதும். நீர் வற்றிய பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரியும். ஆகவே நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. வாரம் ஒரு முறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

நாம் சென்ற அன்று, மருத்துவ மாணவி ஒருத்தி கையில் குறிப்பேட்டுடன் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தாள். "ஆச்சி, இந்த அண்டாவைக் கவிழ்த்து வைக்கலாமா?" என்று அவள் கேட்க, வீட்டு ஆச்சி சிரித்தார். "கவுத்து வச்சா மழைத் தண்ணியை எதுல பிடிக்கிறது, ஆத்தா?" என்றார். மாணவி சற்று யோசித்து, "அப்படியானால் துணியால் வாயைக் கட்டி வைப்போம்" என்றாள். இருவரும் சேர்ந்து பழைய வேட்டி ஒன்றைத் தேடி எடுத்தனர்.

இம்மாணவர்கள் ஊருக்குள் வருவதற்குக் காரணம் உண்டு. 2021-22ஆம் கல்வியாண்டில் சேர்ந்தோர் முதல், மருத்துவ மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனித்து வரவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்திலேயே வகுத்துள்ளது. இம்மாவட்டத்தில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012இல் 100 இடங்களுடன் தொடங்கிற்று. அது இணைந்திருப்பது சென்னைக் கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு. 1987இல் சட்டம் பெற்று 1988இல் இயங்கத் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தைச் சிற்றூர் மக்கள் கண்டதில்லை. அவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது திண்ணையில் வந்து அமரும் இந்தப் பெண்தான். அண்மை ஆண்டுகளில் முதலாண்டு வகுப்புகள் பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டியே தொடங்குவதால், புதிய மாணவரும் புதிய மழையும் ஒன்றாகவே வருகின்றனர் எனலாம். 2020ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இன்னொரு நற்செய்தியும் வந்தது: அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. அவ்வாண்டே நூற்றுக்கணக்கான ஏழை வீட்டுப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் காலடி வைத்தனர்.

பல்கலைக்கழகத்தின் ஊக்கச் சொல் ஓர் ஊரை எவ்வளவு மாற்றும் என்பதற்குக் காரைக்குடியே சாட்சி. 1947இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த மருத்துவ மேதை ஆ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரி நிறுவ முன்வர வேண்டும் என்று வேண்டினார். கூட்டத்திலிருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக உறுதியளித்தார். அவ்வாண்டே தொடங்கியும் விட்டார். 1985இல் அது அழகப்பா பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பிற்காலத்தில் உலக சுகாதாரப் பேரவைக்கே தலைமை தாங்கிய முதலியார், மருந்துச் சீட்டு எழுதிய கையைவிட இந்த ஒரு வேண்டுகோளால் இம்மண்ணுக்குச் செய்தது அதிகம் என்பது நம் கருத்து.

இன்றைய மாணவருக்கு என்ன சொல்வது? அவர்கள் 17 வயதில் கல்லூரி புகுகின்றனர்; விரைவிலேயே வாக்குரிமை வயதை எட்டுகின்றனர். 1989இல் வாக்களிக்கும் வயது 21லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. 17 நிறைந்தோர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் இப்போது வழியுண்டு. விடுதியில் தங்கிப் படிப்போர், தம் படிப்பு ஓராண்டுக்குக் குறையாததாயின், கல்லூரிச் சான்றுடன் விடுதி முகவரியிலேயே பதியலாம். அல்லது சொந்த ஊரில் பதியலாம். இரண்டிலும் பதிவதுதான் குற்றம்.

கிராமத்துப் பிள்ளைக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளோர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினரே. அச்சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றது. அவற்றுள் அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய இரண்டும் மழைக் காலத்தை ஒட்டியவை. 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 100 பேர் வந்தாலன்றிச் சபை செல்லாது. 500 பேருக்கு மேற்படாத ஊரில் 50 பேர் போதும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, தலைவர்கள் இல்லாமலே தனி அலுவலர்கள் கிராம சபையைக் கூட்டினர். 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது அதனோடு சேர்ந்த ஊர்களுக்குக் கிராம சபை இல்லை. நகர்ப்புறத்துக்கான பகுதி சபையே உண்டு. அங்குள்ளோர் இதைக் கேட்டறிந்து கொள்வது நல்லது.

சபையில் பேசப் பொருளுக்குப் பஞ்சமில்லை. இவ்வட்டாரத்தின் பெரிய வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கின்றனர். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் கதவு வரை வந்து திரும்புகின்றார். உள்ளே முற்றத்தில் மழைநீர் நிற்கின்றது. சாவி எந்த அயலார் வீட்டில் உள்ளது, யார் திறந்து காட்டுவது என்பதை நவம்பர் முதல் நாள் எழுந்து கேட்க, 18 வயது நிறைந்த ஒருவர் போதும்.