எட்டு எலிகள்

என் தம்பி 1980களில் ஒரு அச்சகம் வைத்திருந்தான். ஒரு ட்ரெடில் மெஷின், சில கேஸ் எழுத்து, ஒரே ஒரு கம்பாசிட்டர். முதல் மூன்று வருஷம் நன்றாக ஓடியது. ஆஃப்செட் வந்து வேலை குறைந்த பிறகும் அவன் மூடவில்லை. அம்மாவின் வளையல்கள் வரை அதில் போயின. அவனைத் துணிந்தவன் என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. நான் குமாஸ்தா நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன்.

அந்த வார்த்தையில் சந்தேகம் வந்தது எலிகளைப் பற்றிப் படித்தபோது. அமெரிக்காவின் வடக்கு கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் யேட்ஸும் சகாக்களும் செய்து 2016இல் வெளியிட்ட பரிசோதனை. ஒரு நெம்புகோலை அழுத்தினால் கொஞ்சம் தீனி, நிச்சயம். மற்றதில் அதிகம், கிடைக்காமலும் போகலாம். எட்டு எலிகளுக்குப் பெரிய தீனியின் வாய்ப்பு போகப்போகக் குறைந்தது. வேறு எட்டுக்குப் போகப்போகக் கூடியது. பிறகு எம்கே-801 என்ற மருந்தைக் கொடுத்தார்கள். முதல் எட்டும் நிச்சயமில்லாததையே அதிகம் நாடின. இரண்டாவது எட்டு, அதே மருந்தில், நிச்சயத்தின் பக்கம் இன்னும் ஒதுங்கின. முதல் கூட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் மருந்து துணிச்சல் தருகிறது என்றே எழுதியிருப்போம்.

அந்த மருந்து அடைப்பது என்எம்டிஏ என்ற குளூட்டமேட் ஏற்பியை. குளூட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் அது வழிவிடாது. கிளைசினும் கூட வேண்டும். வாயிலில் ஒரு மக்னீசிய அயனி உட்கார்ந்திருக்கிறது. செல் ஏற்கெனவே கிளர்ந்திருந்தால்தான் அது நகரும். எல்லாம் ஒருசேர நேர்ந்தால் கால்சியம் உள்ளே போகிறது, நரம்பிணைப்பு மாறுகிறது. எம்கே-801 திறந்த வாயிலுக்குள் புகுந்து உட்கார்ந்துவிடுகிறது. கணக்கு மாறியது அந்த எலிகளுக்கு உறைக்கவில்லை, தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டன என்று நான் வாசித்துக்கொண்டேன். கெட்டமைன் இரண்டாவது கூட்டத்தை மட்டுமே அசைத்தது என்பது இதற்கு முழுக்க ஒத்துவரவில்லை. இருந்தும் இந்த வாசிப்பை விட மனசில்லை. தம்பி அதில் பொருந்தினான்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அவனிடம் முதல் எட்டு எலிகளைப் பற்றிச் சொன்னேன். சிரித்தான்.

"ஓடாதுன்னு எனக்கு அப்பவே தெரியும் அண்ணே. மூடினா அந்தக் கம்பாசிட்டர் எங்கே போவாரு? அவருக்கு வேற தொழில் தெரியாது."

வளையல்களைப் பற்றி நான் கேட்கவில்லை. மற்ற எட்டு எலிகள் என்னவாயின என்று அவனும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவுமில்லை.