மூன்றாவது ரைடு

தை பிறந்துவிட்டால் வடமதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் மின்னொளிக் கபடிதான். அதற்கு முன்னால், மார்கழியின் ஒரு மாலையில், திருச்சி சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு மண் தளத்துக்குப் பயிற்சி பார்க்கப் போனேன். பையன்களில் பாதிப்பேர் நூல் மில்லில் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

ஓட்டம், தண்டால் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. பிறகு மாஸ்டர் எல்லாரையும் தரையில் உட்காரவைத்துக் கேட்டார்: “ரெண்டு ரைடு வெறுமனே போயிருச்சு. எதிர்ல ஏழு பேரு. மூணாவதா யாரு போறது?”

மூன்றாவது ரைடிலும் புள்ளி வராவிட்டால் போனவன் அவுட். நல்ல உயரமான பையன் ஒருவன் எழுந்தான். “நான் போறேன் மாஸ்டர், ஒருத்தன தொட்டுட்டு வந்துர்றேன்.”

“எதுக்குடா தொடணும்?”

இடது கார்னரில் பிடிக்கிற ஒல்லிப் பையன் பதில் சொன்னான். “ஆறு பேருக்குக் குறையாம இருக்காங்கல்ல மாஸ்டர், போனஸ் கோட்டத் தாண்டுனாப் போதும்.”

மாஸ்டர் விடவில்லை. “நம்ம மெயின் ரைடர் வெளிய உக்காந்திருக்கான். இப்பச் சொல்லு.”

இங்கேதான் எனக்கு ஆட்டம் புரியத் தொடங்கியது. போனஸ் ஒரு புள்ளி தரும். ஆனால் வெளியே இருப்பவனை உள்ளே கொண்டுவராது. தொட்டாலோ பிடித்தாலோதான் ஆள் திரும்புவான், அதுவும் அவுட்டான வரிசைப்படி. மெயின் ரைடருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் அவுட்டாகி இருந்தால், அவன் வர மூன்று ஆள் எடுக்க வேண்டும். இத்தனையையும் எண்ணி, ஒரு ரைடு முடிந்த ஐந்து நொடிக்குள் அடுத்தவனை அனுப்பியாக வேண்டும். போனவனுக்கு முப்பது நொடி, ஒரே மூச்சு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயர்பிரிவில் 2024 முதல் ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரலே கேட்கிறது. நடுக்கோட்டைத் தாண்டிய இந்தப் பையனுக்குத் துணை, இந்த மாலைகளில் மனசில் ஏறியது மட்டும்தான்.

மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, தோற்கக் கற்றுக்கொடுத்த பகுதி. தளத்தில் ஒரே ஒருவன் மிச்சம். அவனைப் பொத்திப் பொத்தி வைத்து நேரத்தைக் கரைப்பதைவிட, சில நேரம் அவுட்டாகிவிடுவது நல்லது. எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி போகும். ஆனால் ஏழு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். பையன்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். ஒரு சூப்பர் ரைடுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே வேண்டும் என்பேன். 2014-இல் புரோ கபடி வந்தபின் தொலைக்காட்சியில் தாவல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தாவத் தெரிகிறது, விட்டுக்கொடுக்கத்தான் தயக்கம்.

முதல் ஆட்டத்துக்கு அந்த ஒல்லிப் பையன்தான் கேப்டன் என்றார் மாஸ்டர். வழக்கமாக ரைடரைத்தானே போடுவார்கள் என்று கேட்டேன்.

“ரைடருக்கு அவன் ரைடுதான் சார் கண்ணுல நிக்கும். இவன் ஏழு பேரையும் எண்ணுறான்.”

அதற்குள் உயரமான பையன் நடுக்கோட்டில் போய் நின்றிருந்தான். போனஸா, தொடுவதா என்று கார்னரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.