தாயில்லாக் குஞ்சுகள்

அடைகாக்கும் கருவியில் 21 நாள்கள் காத்திருந்து நான் பெற்ற குஞ்சுகள் பன்னிரண்டு. "தாய் இல்லாத குஞ்சுகளுக்கு யாரப்பா எல்லாம் கற்றுக்கொடுப்பார்?" என்று பாட்டி கேட்டார். நான் சிரித்தேன். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு குண்டுவிளக்கைத் தொங்கவிட்டு, கடமை முடிந்ததென்று உறங்கிவிட்டேன்.

இரவில் மின்சாரம் தடைப்பட்டதை நான் அறியவில்லை. காலையில் பார்த்தபோது, குளிருக்கு அஞ்சிப் பெட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. அடியில் அகப்பட்ட மூன்று மூச்சுத் திணறி இறந்திருந்தன.

பாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அடைக்கோழி உறங்கினாலும் அதன் இறகு உறங்காது" என்று மட்டும் சொன்னார்.

அன்றுமுதல் குஞ்சுகளைக் கவனிக்கத் தொடங்கினேன். மூலையே இல்லாதவாறு தகரத்தை வட்டமாக வளைத்து அவற்றை உள்ளே விட்டேன். முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் தந்து, வாரந்தோறும் 3 பாகை குறைத்தேன். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே தெளிவாகப் பேசின. விளக்கின்கீழ் நெருங்கினால் குளிர். விலகி ஓடி அலகு திறந்து இரைத்தால் வெம்மை மிகுதி. எங்கும் பரவித் திரிந்தால் நலம். மின்சாரம் போன இரவுகளில் வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி வைத்தேன்.

அலகை நீரில் தொட்டுப் பருகப் பழக்கினேன். தவறி மூழ்காதிருக்கத் தட்டில் கூழாங்கற்களை இட்டேன். தாய்க்கோழி கொத்திக் காட்டுவதுபோல, விரலால் தட்டித் தீவனத்தைக் காட்டினேன்.

ஒரு மாதம் கழிந்தது. முற்றத்தில் அமர்ந்து தரையைத் தட்டினேன், ஒன்பதும் ஓடிவந்தன. பாட்டி சிரித்தார். பொரிப்பதற்குக் கருவி போதும். வளர்ப்பதற்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும்.